கேட்டுத் தூணுல ஒரு காலி எடம்

சிரிக்கிறவங்க இப்பவே சிரிச்சு முடிச்சுடுங்கபா. நடுவுல சிரிச்சா எனக்குக் கதை மறந்துடும். ஏய், ஓரமா நிக்கிற உன்னையும்தான் சொல்றேன். நீ பொண்டாட்டிக்குத் தெரியாம புல்லட் வாங்கப் போயி, அவளுக்கு ஸ்கூட்டி வாங்கிக் குடுத்துட்டு நடந்து வந்தவன். என்னைப் பார்த்துச் சிரிக்க உனக்கு ரைட்ஸே கெடையாது.

நான் சிட்டிபாபு. இன்ஜினியரிங் மூணாவது செமஸ்டரோட காலேஜை நிறுத்திட்டேன். அதாவது, எனக்குப் பாடம் நடத்தறதை அது நிறுத்திக்கிச்சு. இப்போ தொழில் பட்டு கைடு. ஊர்ல ப்ரோக்கர்னு சொல்லுவாங்க, பொறாமை. சனி, ஞாயிறு, முகூர்த்த நாள்னா ஊருக்குள்ள நுழையற வெள்ளை கேட்டு ஜங்ஷன்ல பைக்கைப் போட்டுக்கினு நிப்பேன். வெளியூர் கார் வந்தா பக்கத்துலயே ஓட்டிக்கினு போயி, "சார், கோயிலா, பட்டா?"ன்னு கேப்பேன். பட்டுன்னா நேரா கடை. கோயில்னா கோயில் வழியா கடை. அவங்க எடுக்கிற பொடவையில எனக்குக் கமிஷன். அவ்ளோதான் என் உலகம்.

போன வருஷம் வீடு வாங்கினோம். தாமல் போற ரோட்டுல, புதுசா ப்ளாட் போட்ட எடம். ரெண்டு ரூமு, பெரிய ஹாலு, மொட்டை மாடி. லோன் என் பொண்டாட்டி திரிஷா பேர்ல. அவதான் ஸ்கூல் ஆபீஸ்ல வேலை செய்யறா, அவகிட்டதான் சம்பள ஸ்லிப் இருக்குது. லோன் ஆபீசர் என்னைப் பார்த்து, "உங்க வருமானத்துக்கு என்ன ஆதாரம்?"னாரு. "என் வாய் சார்"னேன். அதுக்கப்புறம் அவரு திரிஷாவைப் பார்த்து மட்டுமே பேசினாரு.

கிரகப்பிரவேசத்தன்னிக்கு என் மாமனார் ஹால்ல நின்னுக்கினு போன்ல கத்தறாரு: "ஆமாம்பா, என் பொண்ணு வீடு! பொண்ணு வீட்லதான் இருக்கேன்!" ஒரு தபா இல்ல. வர்ற போன் எல்லாத்துக்கும். நான் பக்கத்துலதான் நிக்கிறேன். இன்வெர்ட்டர் மாதிரி. வீட்ல இருக்கும், யாரும் பேர் சொல்ல மாட்டாங்க.

கேட்டுத் தூணுல பேர்க்கல் பதிக்க மேஸ்திரி நீட்டா ஒரு பள்ளம் விட்டிருந்தாரு. அதைப் பார்த்தேன். முடிவு பண்ணிட்டேன்.

"திரிஷா, அதுல 'சிட்டிபாபு இல்லம்'னு கல்லு வெக்கறோம்."

"லோன் யார் பேர்ல?"

"பேப்பர்ல உன் பேரு, தூணுல என் பேரு. இருபது வருஷ லோனை அஞ்சே வருஷத்துல அடைச்சுக் காட்டறேன் பாரு!"

"எப்டி?"

"மாசத் தவணைக்கு மேல எக்ஸ்ட்ராவா கட்டிக்கினே போவேன். அசல் கொறையும், வட்டி ஓடும், உங்கப்பா வாய் மூடும்."

அவ வெங்காயம் அரிஞ்சிக்கினே யோசிச்சா. அவ யோசிக்கும்போது வெங்காயம் ரொம்பப் பொடியா விழும். நான் அப்பவே உஷாராகி இருக்கணும்.

"சரி. பொங்கல் வரைக்கும் டைம். எக்ஸ்ட்ரா பணம் யார் அதிகமா கட்டறாங்களோ, அவங்க பேருதான் தூணுல."

"உன் சம்பளம் தவணைக்கே சரியாப் போயிடுமே. நீ எங்கருந்து கட்டுவ?"

"அதுவும் கரெக்ட்தான். நீதான் ஜெயிப்ப போல."

அவ 'நீ ஜெயிப்ப'ன்னு சொன்னா அது வாழ்த்து இல்லபா, அஞ்சலி. எனக்கு அப்போ தெரியாது.

மறுநாளே சிக்கனச் சட்டம் போட்டேன். ஹாலுக்கு சோஃபா கெடையாது. டிவி கெடையாது. டைனிங் டேபிள்னு யாராவது சொன்னாலே அபராதம். லோன் முடியற வரைக்கும் தரைதான் சோஃபா, செவுருதான் டிவி. ஹால் ஃபேன் போட என் பர்மிஷன் வாங்கணும். பட்டுப் பொடவைன்ற வார்த்தையே வீட்ல வரக்கூடாது.

"சோஃபா வேணாமா?"ன்னா.

"வேணாம்."

"ஹால் மொத்தமும் காலியாவே இருக்கட்டுமா?"

"காலியாவே இருக்கட்டும்!"

"சரிங்க. ஒரே ஒரு ஆளுயரக் கண்ணாடி மட்டும் வாங்கித் தா. இவ்ளோ பெரிய ஹால்ல நானாவது எனக்குத் தெரியட்டும்."

எனக்கு மனசு எளகிடுச்சு. வாங்கிக் குடுத்தேன். என் கையாலயே ஆணி அடிச்சு மாட்டினேன்.

இப்போ தொழில் ரகசியம் ஒண்ணு சொல்றேன், வெளிய சொல்லாதீங்க. பத்து வண்டியைக் கடைக்குக் கூட்டுனு போனா, நாலு வண்டி 'வெலை ஜாஸ்தி'ன்னு வெளிய வந்துடும். அதுக்குப் பேரு காலி வண்டி. முன்னல்லாம் அதுங்களுக்குக் கையாட்டிட்டு வந்துடுவேன். ஒரு நாள் என் கூட்டாளி அர்ஜுனன் வந்தான்.

"மச்சான், அந்தக் காலி வண்டியைல்லாம் என்கிட்ட தள்ளி வுடுறா. வண்டிக்கு எரநூறு தரேன்."

"அதை வெச்சு நீ இன்னாடா பண்ணுவ?"

"எங்கயோ ஒரு வீட்ல போர்டு இல்லாம பொடவை விக்கறாங்க. அங்க கூட்டுனு போறேன்."

"எந்த வீடு?"

"உனக்கு எதுக்கு? எரநூறு வேணுமா, அட்ரஸ் வேணுமா?"

எரநூறுன்னேன். குப்பையைக் காசாக்கிட்டேன்! அந்தப் பணம் மொத்தத்தையும் லோன்ல எக்ஸ்ட்ராவா கட்டினேன். ஞாயித்துக்கெழமை சாயந்திரம் வீட்டுக்குப் போனா, திரிஷா களைப்பா ஒக்காந்துக்கினு இருப்பா. கால்ல வலின்னுவா. பாவம், காலி ஹாலைப் பெருக்கிப் பெருக்கியே வலி வந்துடுச்சுன்னு நானே தைலம் தேய்ச்சு வுட்டேன். கரண்ட் பில்லு ஏறியிருந்துச்சு. பக்கத்து வீட்டு உம்முசல்மா அக்காதான், "புது மீட்டர் தம்பி, மொதல்ல அப்டித்தான் வேகமா ஓடும்"னாங்க. அவங்க வீட்டுக்காரரு சத்தார் பாய் பரம்பரையா சரிகை வியாபாரம். அந்த வீட்ல பொய் சொல்ல மாட்டாங்கன்னு நம்பிட்டேன்.

மார்கழி கடைசியில ஒரு நாள் சாப்பிடும்போது திரிஷா கேட்டா. "ஏங்க, எனக்குத் தெரிஞ்ச லேடீஸ் ரெண்டு பேரு வீட்லயே பட்டு விக்கறாங்க. வாசல்ல கல்லு வெக்கப் போறாங்களாம். ப்ரோக்கர் தொல்லை தாங்கலையாம். நச்சுன்னு ஒரு வரி எழுதித் தாயேன். உனக்குத்தான் வார்த்தை வெளையாடுமே."

"நானே ப்ரோக்கரு. நானே எழுதறதா?"

"ஐநூறு தராங்க."

நான் யோசிச்சேன். எவனோ ஒருத்தன் பொழப்பு போவப் போவுது, எனக்கின்னா? கையைக்கூடக் கழுவல, அப்டியே சொன்னேன்: "எழுதிக்கோ. 'ப்ரோக்கர்கள் சிரித்தாலும் கேட்டைத் திறக்க வேண்டாம்.' எப்டி?"

அவ அப்டியே என்னைப் பார்த்தா. கண்ணுல தண்ணி. சிரிப்பை அடக்கினா அப்டித்தான் வரும்னு இப்போதான் தெரியுது. அன்னிக்கு நான் பெருமைன்னு நெனைச்சேன். ஐநூறையும் லோன்ல கட்டினேன்.

பொங்கலுக்கு முந்தின ஞாயிறு. ஓசூர்லருந்து ஒரு மேடம், ஒரு அம்மா, ஒரு கல்யாணப் பொண்ணு, ஒரே கார்ல. பெரிய கடைக்குக் கூட்டுனு போனேன். கல்யாணப் பொண்ணு மூஞ்சைத் தூக்கிக்கினு வெளிய வந்துடுச்சு. காலி வண்டி. அர்ஜுனனுக்குப் போன் அடிச்சா, அவன் திருத்தணியில இருக்கான். சரி, போவட்டும்னு திரும்பறேன், மேடம் கண்ணாடியை எறக்கறாங்க.

"தம்பி, என் தங்கச்சி போன மாசம் ஒரு வீட்ல எடுத்தா. லொகேஷன் அனுப்பியிருக்கா. உங்களுக்கு அந்த வீடு தெரியுமா?"

தெரியாதுன்னு சொன்னா தொழிலுக்கே அசிங்கம்.

"தெரியுமாவா? இந்த ஊர்ல பட்டு விக்கிற எல்லா வீடும் எனக்கு அத்துப்படி மேடம். என் பின்னாடியே வாங்க."

முன்னாடி நான் பைக்ல. பின்னாடி கார்ல மேடம் போனைப் பார்த்துக்கினே கத்தறாங்க: "தம்பி, லெஃப்ட்டு!" நான் அப்பதான் தெரிஞ்சா மாதிரி லெஃப்ட்டு. "தம்பி, தாண்டிட்டீங்க!" நான் யூ-டர்ன். "ட்ராஃபிக் பார்த்து வரேன் மேடம்!" தாமல் ரோடு வந்துச்சு. பரவால்ல, நம்ம ஏரியாதான். ப்ளாட் போட்ட எடம் வந்துச்சு. ஓஹோ, சத்தார் பாய் வீடா! கெட்டிக்காரரு. நம்ம தெருவுல திரும்பினோம். பாய் வீடு தாண்டுச்சு.

"இதான் தம்பி! வந்துட்டோம்!"

எதிர்ல கேட்டு. தூணுல பள்ளம்.

உள்ளருந்து திரிஷா வந்தா பாருங்க. அரக்குப் பட்டு, கையகல சரிகை பார்டரு, தலையில பூ. கல்யாணத்தன்னிக்குக்கூட அவ அவ்ளோ அழகா இல்ல. அன்னிக்குக் கட்டின பொடவை கைத்தறி பாதி, கடன் பாதி.

"வாங்க மேடம், வாங்கம்மா." அப்புறம் என்னைப் பார்த்தா. ஒரு செகண்டு. கண்ணு இமைக்கல. "வாங்கண்ணா! ப்ரோக்கரா? வண்டியை அந்த ஓரமா போட்டுட்டு வெளியவே இருங்கண்ணா."

அண்ணா!

நான் ஏதாவது பேச முடியுமா? 'இவ என் பொண்டாட்டி'ன்னு சொன்னா மேடம் இன்னா நெனைப்பாங்க? சொந்த வீட்டுக்கே கூட்டுனு வந்து ஏமாத்தறான்னு கெளம்பிடுவாங்க. கடைக்காரங்களைத் தெரிஞ்சா மாதிரி காட்டிக்கக் கூடாதுன்றதுதான் எங்க தொழில்ல மொத பாடம். நான் ஒழுங்காப் படிச்ச ஒரே பாடமும் அதான்.

ஜன்னல் வழியா எட்டிப் பார்த்தேன். சோஃபா இல்லாத ஹாலு பூரா ஜமுக்காளம். அது மேல பொடவையா கொட்டிக் கெடக்குது. உம்முசல்மா அக்கா ஒக்காந்து பிரிச்சுப் போட்டுக்கினு இருக்காங்க. கல்யாணப் பொண்ணு தோள்ல பொடவையைப் போட்டுக்கினு, நான் ஆணி அடிச்ச கண்ணாடியில பார்க்குது. அதெல்லாம்கூட தாங்கிட்டேன்பா. ரெண்டு ஃபேனும் அஞ்சுல ஓடுது! நெஞ்சு வலிச்சுது.

அக்கா தண்ணி கொண்டாந்தாங்க. "இந்தாங்கண்ணா, வெயில்ல நிக்கறீங்க பாவம்."

"அக்கா, நீங்களுமா?"

"மெதுவா பேசு தம்பி. பெரிய பார்ட்டி."

உள்ள மேடம் இழுக்கறாங்க. "சரிகை ஒரிஜினல்தானா? நம்பிக்கை வரலையே. தம்பி, நீங்க வாங்க, நீங்கதான் பொதுவான ஆளு, சொல்லுங்க!"

திரிஷா என்னைப் பார்த்தா. வியாபாரம் என் நாக்குல தொங்குது. கவுத்துட்டா, பந்தயத்துல எனக்கு லாபம். ஆனா பாருங்க, பொடவையைப் பார்த்தா என் வாய் என் பேச்சைக் கேக்காது.

"மேடம், நகத்தால கீறிப் பாருங்க. உள்ள செவப்பு நூலு தெரியுதா? தெரியலைன்னா இந்த வீட்டையே எழுதி வாங்கிக்கங்க. கோயில் வாகனத்துக்குச் சாத்தற மாதிரி பார்டரு. இதைக் கட்டிக்கினு பொண்ணு மேடை ஏறினா, மாப்பிள்ளை தாலியை மறந்துட்டுப் பொடவையைப் பார்ப்பாரு!"

அஞ்சு பொடவை எடுத்தாங்க. அஞ்சு!

கார் கெளம்பினதும் நான் கேட்டை ஒதைச்சுக்கினு உள்ள போனேன். ஃபேனை நிறுத்தினேன். அப்புறம்தான் கோவப்பட்டேன்.

"எவ்ளோ நாளா நடக்குது?"

"நீ சோஃபா வேணாம்னு சொன்ன வாரத்துலருந்து. சத்தார் பாய்தான் தறிக்காரங்ககிட்ட பேசி சரக்கு எடுத்துத் தராரு. நானும் அக்காவும் விக்கறோம். லாபத்துல என் பங்கு நேரா லோனுக்கு."

"கஸ்டமரு?"

"அர்ஜுனன் அண்ணன் கூட்டுனு வருவாரு."

"அவனுக்கு ஏது கஸ்டமரு? அதெல்லாம் என் காலி வண்டி!"

"தெரியும். அதான் வண்டிக்கு எரநூறு உனக்குக் குடுக்கச் சொன்னேன்."

"அப்போ அந்த எரநூறு..."

"என் காசு."

"நான் லோன்ல கட்டுனது..."

"என் காசுதான். நீ கட்டுன, நான் ரசீது பார்த்தேன். நன்றிங்க."

"ஏய், இது போங்கு! அந்த எரநூறையும் சேர்த்துப் பார்த்தா..."

"சேர்த்தாலும் நான்தான் ஜெயிச்சேன், சேர்க்காட்டியும் நான்தான் ஜெயிச்சேன். எப்டி வேணும், சொல்லு."

உம்முசல்மா அக்கா பொடவையை மடிச்சுக்கினே சொல்றாங்க: "தம்பி பேசற வாய்க்கு ஞாயித்துக்கெழமை இங்கயே வேலை போட்டுக் குடுக்கலாம்மா."

"வேணாங்கா. வீட்ல வெச்சா ஃபேனை நிறுத்திக்கினே இருப்பாரு. வெளியவே நிக்கட்டும்."

லோன் அஞ்சு வருஷத்துல அடையும் போலதான் இருக்குது. அது சந்தோஷந்தான், இல்லைன்னு சொல்லல. பொங்கலன்னிக்குக் கல்லு வந்துச்சு. கருப்பு கிரானைட்டு, தங்கக் கலர் எழுத்து. மாமனார் பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்கறாரு. மேல 'திரிஷா இல்லம்'. அதுக்குக் கீழ ஒரு வரி.

போனேன். கேட்டு உள்பக்கமா பூட்டியிருந்துச்சு. பெல்லை அடிச்சேன். சிரிச்சேன். அவ ஜன்னல்லருந்து கல்லைக் கையால காட்டிட்டு, உள்ள போயிட்டா.

அந்த வரியை எழுதினவன் நான்தான்பா. ஐநூறு ரூபா வாங்கிக்கினு.