சேந்தமங்கலத்து வெயிலில் காயப்போட்ட மிளகு

நான் ஒரு முட்டாள் என்பதை நானே முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டால் என் கொழுந்தியா திவ்யா சொல்லுவாள். அவள் சொன்னால் கண்ணு மூக்கு வைத்து, கூடவே நடித்தும் காட்டுவாள். போனில் வானிலை ஆப்பு ஒன்றை ஏற்றிக்கொண்டு, மேகங்களுக்கெல்லாம் நான்தான் மேஸ்திரி என்று நாலு நாள் திரிந்தவன் நான்.

தொழிலில் நான் எலக்ட்ரீஷியன். ஊர் சேந்தமங்கலம், மலைக்குக் கீழே. பெண் கட்டியது மேலே, கொல்லிமலையில், ஆலத்தூர் நாட்டில். மூன்று வருஷத்துக்கு முன், சித்திரைக் கடைசியில், மாமியார் வீட்டு வயரிங்கை மாற்றித் தருகிறேன் என்று மனைவியோடு ஒரு வாரம் போய்த் தங்கினேன். (வயரிங் இரண்டு நாள் வேலை. மீதி ஐந்து நாள் நாட்டுக்கோழிக் குழம்பு.)

அந்த வருஷம் மிளகு தாமதம். நான் போனபோதுதான் பறித்து முடித்திருந்தார்கள். மாமனார் தவறியபின் தோட்டத்தை அத்தை ஒருவரேதான் பார்த்தார். அந்த மிளகு நல்லபடியாகக் காய்ந்து கைமாறினால்தான் திவ்யாவை நர்ஸிங் சேர்க்க முடியும். பாதி காய்ந்த மிளகு நனைந்தால் பூசணம் பிடித்துவிடும். வியாபாரி கையால்கூடத் தொடமாட்டார்.

வீட்டைச் சுற்றி மர நிழல். அதனால் கால் மணி நேரம் நடந்துபோய் ரோட்டோரப் பாறையில்தான் காயப்போடுவார்கள். மலையில் மத்தியானத்துக்கு மேல் மேகம் என்ன நினைக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே தினமும் இரண்டு மணிக்கே வாரிக் கட்டித் தலையில் சுமந்து வீட்டுக்கு வருவது, காலையில் திரும்பச் சுமந்துபோய்ப் பரப்புவது. முதல் நாள் ஒரு மூட்டையை நானும் சுமந்தேன். கழுத்து தோளுக்குள் இறங்கிவிட்டது. அந்த நிமிஷத்தில்தான் எனக்குள் இருந்த வானிலை அறிஞன் விழித்துக்கொண்டான்.

"அத்தை, எதுக்குங்க இந்தப் பாடு? இந்த வாரம் பூராவும் மழையே இல்லைன்னு போட்டிருக்கான். பாறையிலேயே கெடக்கட்டும்."

"ஏனுங் மாப்ள, நெசமாத்தானுங்களா?"

"சூரியன் படம் ஏழு வரிசையா போட்டிருக்கானுங்க!"

அதோடு விட்டிருந்தால் மனிதன். மறுநாள் காலையிலிருந்து குடும்ப வாட்ஸப் குழுவில் தொண்டையைச் செருமிக்கொண்டு செய்தி வாசிக்க ஆரம்பித்தேன். "வணக்கம். கொல்லிமலை மற்றும் அதன் சுற்றுவட்டாரப் பகுதிகளில் இன்றும் வறண்ட வானிலையே நிலவும். குடை எடுத்துச் செல்வோர் கேலிக்கு ஆளாவார்கள்." செவ்வாய் பலித்தது. புதன் பலித்தது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் வேலியோரம் நின்று, "ஏனுங்க, எங்க மாடு எப்பக் கன்னு போடும்னு அதுல பாத்துச் சொல்லுங்களேன்" என்றார். கிண்டல் என்று எனக்கு உறைக்கவில்லை. (தேடிக்கூடப் பார்த்தேன்.)

புகழ் தலைக்கேறினால் கை நீளும். கீழே ஒரு நண்பன் வீட்டில் காதுகுத்து. பந்தலுக்குத் தார்ப்பாய் வேண்டும் என்றான். மிளகை மூட வைத்திருந்த வீட்டின் ஒரே தார்ப்பாயைச் சுருட்டி, கீழே போகும் ஜீப்பில் ஏற்றிவிட்டேன். அத்தை ஜீப் போகிற திசையையே பார்த்துக்கொண்டு நின்றார். மாப்பிள்ளையை எப்படிக் கேட்பது?

வியாழன் மூன்று மணி. பாறையோரம் உட்கார்ந்து மிளகைக் கிளறிக்கொண்டிருந்தோம். மேற்கே கறுத்தது.

"மாமா, அங்க பாருங்க" என்றாள் திவ்யா.

"சும்மா வந்துட்டுப் போற மேகம், சாமி."

என் மூக்கில் ஒரு சொட்டு விழுந்தது. வேர்வை என்றேன். இரண்டாவது சொட்டு விழுந்தது. அதுவும் வேர்வைதான் என்றேன். திவ்யா என் கையிலிருந்த போனைப் பிடுங்கினாள். பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"மாமா... இது சேந்தமங்கலத்து வானிலை!"

சார்ஜ் மிச்சம் பிடிக்கிறேன் என்று இருப்பிடம் காட்டும் வசதியை நான் அணைத்து வைத்திருந்தேன். மலைப்பாதையின் எழுபது கொண்டை ஊசி வளைவும் ஏறி நான் மேலே வந்துவிட்டேன். என் ஆப்பு மட்டும் அடிவாரத்திலேயே வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

இடி இறங்கியது. "ஐயோ, தார்ப்பாயி!" என்று என் மனைவி சுமதி அலறினாள். அத்தை அலறவில்லை. விடுவிடுவென்று நடந்துபோய், நடு ரோட்டில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். வளைவில் மூன்றரை மணி பஸ் வந்துகொண்டிருந்தது.

பஸ் நின்றது. டிரைவர் அத்தையைப் பார்த்தார், பாறையைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினார். கண்டக்டர் ஒரு விசில் அடித்தார் பாருங்கள், மொத்த பஸ்ஸும் காலியானது. ஏதோ கல்யாணத்துக்குப் போகிற பெரியவர் தோளில் கிடந்த புதுத் துண்டை விரித்தார். சந்தைக்குப் போய் வந்த ஒரு அக்கா கூடையிலிருந்த தக்காளியை சீட்டில் கொட்டிவிட்டுக் கூடையோடு ஓடி வந்தார். முறம், சாக்கு, சேலை முந்தானை, யாரோ ஒருவரின் ஹெல்மெட். (பஸ்ஸில் வருகிறவருக்கு ஹெல்மெட் எதற்கு என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. அவர் நன்றாக இருக்க வேண்டும்.) நான்? நான் பதற்றத்தில் மிளகின் மேல் குப்புறப் படுத்து இரண்டு முழம் இடத்தை நனையாமல் காத்தேன்.

"ஏனுங்க, எந்திரிச்சா அதையும் அள்ளிக்கலாம்" என்றார் கண்டக்டர்.

கடைசிக் கூடை பஸ்ஸுக்குள் போனது. வானம் பிய்த்துக்கொண்டு கொட்டியது. சீட்டிலெல்லாம் மிளகு உட்கார்ந்திருந்தது. மனிதர்கள் நனைந்த கோழிகளாக நின்றார்கள். மழை விடும்வரை பஸ்ஸை எடுக்கவில்லை. ஒருத்தராவது "நேரமாச்சு" என்று முணுமுணுக்க வேண்டுமே! "கூட்டத்துல நின்னுக்கிட்டு வர்றது நாம, சீட்டுல வர்றது மிளகு" என்று யாரோ சொல்ல, அத்தை முதல்முறையாகச் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வேர்வைதான்.

மிளகு தப்பியது. திவ்யா நர்ஸிங் சேர்ந்தாள். அத்தை இன்றுவரை என்னை ஒரு சொல் கேட்டதில்லை. அந்தக் குறையை மற்றவர்கள் நிரப்புகிறார்கள். எங்கள் குடும்பத்தில் யார் எதை அடித்துச் சொன்னாலும், "எந்த ஊருக்குச் சொல்றீங்க?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. சொந்தத்தில் ஒரு வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தவர்களிடம்கூடக் கேட்டுவிட்டார்கள்.

அந்த டிரைவருக்கு முறையாக நன்றி சொல்லவில்லையே என்று எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. போன மாதம் மலையிலிருந்து இறங்கும்போது பார்த்தால், அதே பஸ், அதே மனிதர். பையிலிருந்த மிளகுப் பொட்டலத்தை எடுத்து நீட்டி, ஒரு கால் படியிலும் ஒரு கால் தரையிலுமாக நின்று ஆரம்பித்தேன்.

"அண்ணா, என்னை ஞாபகம் இருக்குங்களா? அந்தப் பொண்ணு இப்ப மூணாவது வருஷம் படிக்குதுங்க. அன்னைக்கு மட்டும் நீங்க பஸ்ஸை நிறுத்தலீன்னா எங்க குடும்பமே..."

எனக்குப் பின்னால் பத்துப் பேர் மூட்டை முடிச்சோடு நின்றார்கள். பொட்டலத்தை வாங்கிக் கண்ணாடிக்கு முன்னால் வைத்துவிட்டு டிரைவர் சொன்னார்:

"ஏறுங்க, இல்லாட்டி எறங்குங்க."