லட்சுமியம்மாள் வளர்க்காத நாய்

செத்துப்போன பிறகுதான் உதய்க்கு ஞாயிற்றுக்கிழமை லீவு இல்லாமல் போனது.

உயிரோடு இருந்தவரை திங்கள் முதல் வெள்ளி வரை, மத்தியானம் ஒரு மணிக்கு டிவியில் வருவார். அரை மணி நேரம். போன் போடும் பெண்களிடம், "ஏனுங்க அம்மணி, இன்னைக்கு உங்க ஊட்டுல என்னங்க கொழம்பு?" என்று கேட்பார். நிகழ்ச்சியே அவ்வளவுதான். ஆனால் அவர் உடுமலைப்பேட்டைக்காரர், டிவிக்குப் போயும் பேச்சை மாற்றிக்கொள்ளாதவர். கோயமுத்தூர்ப் பெண்கள் அவரைச் சொந்தத் தம்பியாகவே எடுத்துக்கொண்டார்கள். சரியாகச் சொன்னால், சொந்தத் தம்பியைவிட ஒரு படி மேலே. எந்தச் சொந்தத் தம்பி அக்காவிடம் குழம்பு என்னவென்று தினமும் கேட்கிறான்?

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நாற்பத்தொரு வயதில், மாரடைப்பில் போய்விட்டார். அன்று துடியலூரில் பல வீடுகளில் அடுப்பே பற்றவில்லை. கேட்க ஆளில்லாத குழம்பை யாருக்காக வைப்பது?

அன்று மத்தியானமே மேட்டுப்பாளையம் ரோட்டில் கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் முளைத்துவிட்டது. உதயின் படம் ஓரத்தில், தபால் தலையைவிடக் கொஞ்சம் பெரியதாக. நடுவில் ஆளுயரத்துக்குக் கைகூப்பி நின்றவர் ஃபிளெக்ஸ் கடை வைத்திருக்கும் தம்பிதுரை. யார் இறந்தது என்று தெரியாமல் தம்பிதுரையின் கடைக்கே மாலையோடு போனவர்களும் உண்டு.

ஃபிளெக்ஸுக்குக் கீழே ஒரு மேஜை. மேஜையில் ஒரு நீள நோட்டு. நூல் கட்டிய பேனா. "உதய் அண்ணனுக்கு உங்கள் மனதில் உள்ளதை எழுதுங்கள்" என்று அட்டையில் எழுதியிருந்தது. பெண்கள் வரிசையில் நின்று எழுதினார்கள். மருமகள் பேசாதது, மகனுக்கு வேலை போனது, முட்டிவலி, மூலம், எல்லாவற்றையும் எழுதினார்கள். இரண்டு நோட்டு நிரம்பியது.

அடுத்த வாரம் புதன்கிழமை, கடை மாடியில் உதயின் ஆவி தம்பிதுரையின் மேல் இறங்கியது.

அணைந்து கிடக்கும் ஒரு பழைய டிவிக்கு முன்னால் தம்பிதுரை உட்காருவார். கையில் ரிமோட். அதில் பேட்டரி கிடையாது. எல்லோருக்கும் திறந்து காட்டுவார். அதுதான் அற்புதம். சரியாக ஒரு மணிக்கு ரிமோட்டை அமுக்குவார், கண் சொருகும், "ஏனுங்க அம்மணி…" என்று உதயின் குரல் வரும். மேலுலகத்திலும் விளம்பர இடைவேளை உண்டு. அந்த இடைவேளையில்தான் காணிக்கைத் தட்டும், 'உதய் தீர்த்தம்' என்ற பாட்டில்களும் வலம் வரும்.

லட்சுமியம்மாளின் மகள் மேக்னாவுக்கு இந்த விவரமெல்லாம் வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் தெரிந்தது. பகலில் பம்ப் கம்பெனியில் உதிரிப் பாகம் அளந்து பார்க்கும் வேலை, சாயங்காலம் தரப் பரிசோதனை வகுப்பு. எதையும் அளக்காமல் நம்பமாட்டாள். அளந்த பிறகும், தப்பாக அளந்துவிட்டோமோ என்று இன்னொரு தடவை அளப்பாள். அன்று வகுப்பு இல்லாததால் நேரத்தோடு வீட்டுக்கு வந்தவள், அம்மாவின் சர்க்கரை மாத்திரை அட்டையைத் தற்செயலாகப் பார்த்தாள். எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள். புதன் ராத்திரியிலிருந்து ஒன்றுகூடக் குறையவில்லை.

"அம்மா, மாத்திரை போடலியா?"

லட்சுமியம்மாள் முகத்தில் ஒரு தெய்வீகக் களை. "வேண்டாமாங் கண்ணு. உதய் சொல்லிப்போட்டாரு. நாப்பத்தெட்டு நாளைக்கு அந்தத் தீர்த்தத்தைக் குடிச்சாப் போதுமாம்."

"எந்த உதய்?"

"எத்தனை உதய் இருக்கறாங்க? நம்ம உதய்தான். உங்கப்பா பேரு நரசிம்மலுன்னு அப்படியே சொன்னாரு கண்ணு! எனக்குச் சக்கரை இருக்குதுன்னு சொன்னாரு. உனக்கு வரன் அமையலைன்னு வருத்தப்பட்டாரு."

மேக்னா அம்மாவின் விரலில் ஊசி குத்திச் சர்க்கரையை அளந்தாள். முந்நூற்றுப் பன்னிரண்டு. கருவியில் கோளாறோ என்று தன் விரலையும் குத்திப் பார்த்தாள். தொண்ணூற்றாறு. கருவியில் ஒரு கோளாறும் இல்லை.

"இப்பவே ஒண்ணு போடு."

"உதய் சொன்னாப் போடறேன்."

"அவரு செத்துட்டாரும்மா!"

"அதனாலதான் அவருக்கு எல்லாம் தெரியுது."

மேக்னா வேறு பக்கமாக வந்தாள். "ரோட்டுல வச்சிருக்கற அந்த நோட்டுல நீ என்ன எழுதினே?"

"ரெண்டு பக்கம் எழுதினேன். அழுகையில என்ன எழுதினேன்னே ஞாபகமில்லை."

மறுநாள் காலை வேலைக்குப் போகும் வழியில் மேக்னா அந்த மேஜைமுன் நின்றாள். மூன்றாவது நோட்டு. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தது: பெயர், தெரு, போன் நம்பர், மனக்குறை. செத்தவருக்குப் போன் நம்பர் எதற்கு என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. துக்கத்தில் இருப்பவர்கள் கட்டம் போட்டிருந்தால் நிரப்பிவிடுவார்கள்.

அவள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. சோதிக்கிறவர் உண்மையிலேயே சோதிக்கிறாரா என்று பார்க்க, நல்ல பீஸுகளுக்கு நடுவில் தெரிந்தே ஒரு கழிவுப் பீஸைக் கலந்து வைப்பார்கள். அதையும் "சரி" என்று அனுப்பினால் ஆள் மாட்டிக்கொள்வார்.

மேக்னா பேனாவை எடுத்தாள். இறந்தவரின் நோட்டில் பொய் எழுதுகிறோமே, ஒருவேளை நாம் நினைப்பது தப்பாக இருந்தால்? முந்நூற்றுப் பன்னிரண்டு ஞாபகத்துக்கு வந்தது. அம்மாவின் பெயரையும் நம்பரையும் போட்டு எழுதினாள்: "உதய், நீங்கள் போன அன்றைக்கே எங்கள் வீட்டு நாய் டைகரும் போய்விட்டது. தாங்க முடியவில்லை."

லட்சுமியம்மாளுக்கு நாய் என்றாலே குலை நடுங்கும். தெருவில் நாய் படுத்திருந்தால் ஆட்டோ பிடித்து அதைத் தாண்டுகிறவர்.

ஞாயிற்றுக்கிழமை கடை மாடியில் உட்கார இடமில்லை. வாசலில் பெயரும் நம்பரும் சொல்லி டோக்கன் வாங்க வேண்டும். லட்சுமியம்மாளுக்குத் துணையாகப் பக்கத்து வீட்டு ஆமினா பீவியும் வந்திருந்தார். தையல்காரர். ஐந்து வருஷமாக இருவரும் ஒன்றாக உட்கார்ந்துதான் உதயைப் பார்த்தார்கள்.

"நான் ஆவியைப் பார்க்க வரலீங்க" என்றார் ஆமினா பீவி மேக்னாவிடம். "உங்கம்மா மயங்கி விழுந்தாப் புடிக்கறதுக்கு வந்தேன்."

ஒரு மணி. ரிமோட் அமுங்கியது. முதல் டோக்கன் பெண்ணுக்கு முட்டிவலி என்று ஆவி சொன்னது, அவர் அழுதார். இரண்டாவது பெண்ணின் மகனுக்கு வேலை போனதைச் சொன்னது, மாடியே அழுதது. மேக்னாவுக்கே சந்தேகம் வந்துவிட்டது. எல்லாம் சரியாகத்தானே சொல்கிறது?

"லட்சுமி அம்மணி!" என்றது உதயின் குரல். "அழுகாதீங்க. டைகர் இங்க என்கூடத்தான் இருக்கறான். வாலை ஆட்டிக்கிட்டே இருக்கறான்."

லட்சுமியம்மாள் திரும்பிப் பார்த்தார். வேறு லட்சுமி யாரும் எழுந்திருக்கவில்லை. "எந்த டைகருங்க?"

"உங்க ஊட்டு நாயிங்க."

"எங்க ஊட்டுல நாயே இல்லீங்களே! எனக்கு நாயின்னா பயமுங்க!"

யாரோ சிரித்தார்கள். ஆவி ஒரு நொடி யோசித்தது. "போன பிறவியில வளர்த்தீங்க."

நான்கைந்து தலைகள் "ஆமாமா" என்று ஆடின. மேக்னாவுக்குத் திகைப்பாக இருந்தது. கழிவுப் பீஸைக்கூட வரம் என்று வாங்கிக்கொள்கிறார்களே! எழுந்தாள். "டைகரை எழுதினது நான்தானுங்க. நேத்துக் காலையில, கீழே அந்த நோட்டுல. அப்படி ஒரு நாயே கிடையாதுங்க."

தம்பிதுரையின் கண் லேசாகத் திறந்து மூடியது. "செத்தவனைச் சோதிக்கிறியா கண்ணு?" என்று குரல் தழுதழுத்தது. கூட்டம் முழுவதும் மேக்னாவை முறைத்தது. அவளுக்கே தான் பெரிய பாவி என்று தோன்றிவிட்டது.

"அதெல்லாஞ் சரிங்க" என்றார் ஆமினா பீவி. "போன பிறவி நாயைக் கண்டுபிடிக்க, வாசல்ல இந்தப் பிறவி போன் நம்பர் எதுக்குங்க வாங்குனீங்க?"

அப்போது லட்சுமியம்மாள் மெதுவாக எழுந்தார்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க தம்பி. போன தை மாசம் உங்களுக்குப் போன் போட்டேன். அரைச்சுவிட்ட கொள்ளு ரசம்னு சொன்னேன். டிவியில விளம்பரம் வந்த பொறவும் நீங்க லைன்ல வந்து பேசுனீங்க. என்ன பேசுனீங்க?"

அது மேக்னாவுக்கும் தெரியாது. அன்று பொங்கல் லீவு, அவளும் வீட்டில்தான் இருந்தாள்; விளம்பரம் வந்த பிறகும் அம்மா ஒரு நிமிஷம் போனைக் காதிலேயே வைத்திருந்தார். என்ன சொன்னார் என்று கேட்டதற்கு, "அது எனக்கும் அவருக்கும்" என்று சிரித்துவிட்டார். நோட்டில் எழுதாத ஒன்றே ஒன்று அதுதான்.

"நல்லா இருங்கன்னு சொன்னேன் அம்மணி."

"இல்லீங்க."

"ரசம்… ரசம் அருமைன்னு…"

"இல்லீங்களே."

"பொண்ணுக்குச் சீக்கிரம் கல்யாணம் ஆகும்னு…"

"இல்லீங்க தம்பி."

தம்பிதுரைக்கு வியர்த்தது. உதயின் குரல் கழன்று சொந்தக் குரல் வந்தது. "விளம்பர இடைவேளை!"

இந்த முறை மாடி முழுவதும் சிரித்தது. லட்சுமியம்மாள் மட்டும் சிரிக்கவில்லை.

"சக்கரை இருக்குதுன்னேன். மாத்திரை ஒழுங்காப் போடறீங்களான்னு கேட்டாரு. அப்பப்ப உட்டுருவேனுங்கன்னேன். 'எங்கம்மாவும் அப்படி உட்டுத்தான் போய்ச் சேர்ந்தாங்க, நீங்க ஒரு வேளைகூட உட்றாதீங்க'ன்னு சொன்னாரு. இவ திட்டுவாளேன்னு நான் ஊட்டுல சொல்லலை." மேக்னாவைப் பார்க்காமல் சொன்னார். "அப்படிச் சொன்ன மனுசன் செத்துப் போயி மாத்திரையை நிறுத்தச் சொல்லுவாரா? எனக்குத்தான் புத்தி வேலை செய்யலை."

அதற்குள் ஆமினா பீவி டிவிக்குப் பின்னால் தொங்கிய திரைக்குள் போய் மூன்று நோட்டுகளோடு வந்துவிட்டார். ஒவ்வொரு மனக்குறையின் மேலும் பச்சை மையால் பட்டை அடித்திருந்தது. ஓரத்தில் சின்னச் சின்னக் குறிப்புகள்: "முட்டி – அழுவார்." "மகன் வேலை – தீர்த்தம் இரண்டு." "டைகர் – வால்."

"நானும் அவரோட ரசிகன்தானுங்க!" என்று தம்பிதுரை கத்தினார். அது உண்மையாகவும் இருக்கலாம். குரலை அவ்வளவு நன்றாகப் பிடித்தவர், நிகழ்ச்சியை ஒருநாள்கூடத் தவறவிட்டிருக்க மாட்டார்.

பெண்கள் அவரவர் பக்கத்தைத் தேடிக் கிழித்துக்கொண்டார்கள். சிலர் அவசரத்தில் அடுத்தவர் பக்கத்தையும் கிழித்துப் படித்துப் பார்த்தார்கள், மனிதர்கள்தானே. ஒரு பெண் மட்டும் பாட்டிலைக் கீழே வைக்காமல், "நாய் விஷயத்துலதான் தப்பு, முட்டி விஷயத்துல சரியாச் சொன்னாருங்களே" என்று சொல்லிக்கொண்டே படியிறங்கினார்.

வீட்டுக்கு வந்ததும் லட்சுமியம்மாள் மாத்திரை அட்டையை எடுத்தார். மேக்னா தண்ணீர் கொண்டுவந்தாள். நாய் விஷயத்தில் பொய் எழுதியதற்கு மன்னிப்புக் கேட்கலாமா என்று யோசித்தாள்.

"ஏனுங்க அம்மணி," என்று கடைசியில் கேட்டாள். "இன்னைக்கு உங்க ஊட்டுல என்னங்க கொழம்பு?"

லட்சுமியம்மாள் அன்றுதான், அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு முதல்முறையாக, நன்றாக அழுதார். அழுது முடித்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்தார்.

மேட்டுப்பாளையம் ரோட்டோரத்தில் ஃபிளெக்ஸ் இன்னும் நிற்கிறது. நாளைக்கு வேறு யாருக்காவது அதே இடத்தில் மேஜை போடுவார்கள், நோட்டும் வைப்பார்கள். துக்கம் பெரியது; தாராளமாக எழுதுங்கள். ஆனால் அதையே வாங்கிக் கண்ணை மூடிக்கொண்டு உங்களுக்கே ஒருவர் படித்துக் காட்டினால், கும்பிடுவதற்கு முன்னால் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "நான் எழுதாததைச் சொல்லுங்க பார்க்கலாம்."