'இப்படிக்கு' வரை போகாத கம்ப்யூட்டர்

'எனக்கு இழைக்கப்பட்ட இந்த அநீதியை' என்பது வரை அடித்திருந்தார் தலைமைக் குமாஸ்தா. கம்ப்யூட்டர் பட்டென்று அணைந்தது.

இரண்டு நாளாக இதே கூத்து. போன மாதம் வரை இவர் வீட்டில் டீ குடித்து, தோளில் கைபோட்டுப் பேசிய மேனேஜர், திடீரென்று இவரைக் கண்காணாத கிளைக்குத் தூக்கியடித்துவிட்டார். ஆட்சேபம் இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் தலைமை அலுவலகத்துக்கு இமெயில் போக வேண்டும். மேனேஜர் மேல் கொடுக்கும் புகாரை மேனேஜரின் மூக்குக்குக் கீழேயே உட்கார்ந்து அடிக்க முடியுமா? இருட்டிய பிறகு வீட்டுக்கு வந்துதான் அடித்தாக வேண்டும்.

"அப்பப்ப சேவ் பண்ணிக்கலாம்ல? இல்லன்னா போன்லயே அடிச்சு அனுப்புங்க" என்றாள் மனைவி.

"கையெழுத்து போடாம பாதியில நிக்கிற மனுவை யாராவது ஃபைல்ல வைப்பாங்களா? அப்புறம், மனுங்கறது மேஜை முன்னாடி உக்காந்து எழுதறது. படுத்துக்கிட்டு விரலால தடவறது இல்ல."

'பெறுநர்' தொடங்கி 'இப்படிக்கு' வரை ஒரே மூச்சில் எழுதினால்தான் அவருக்கு அது மனு.

பழி முதலில் மச்சினன் மேல் விழுந்தது. பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று வந்து, ராத்திரியெல்லாம் இதில் கார் ஓட்டி விளையாடி, கடைசியில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஊருக்குக் கிளம்பிப் போனவன்.

"உன் தம்பி பண்ணின அக்கிரமத்துல இது நொந்து போச்சு."

"அவன் போனதுக்கப்புறம் ஞாயித்துக்கிழமை காலையிலதானே உக்காந்து கரண்ட் பில் கட்டினீங்க? அப்ப நல்லாத்தானே இருந்துச்சு?"

குமாஸ்தா கோபத்தோடு மெக்கானிக்கை அழைத்தார். அவர் பெட்டியைக் கடைக்குத் தூக்கிப் போய், தூசி தட்டி, மறுநாள் மத்தியானம் திருப்பிக் கொண்டுவந்தார். காலையிலிருந்து மூச்சுவிடாமல் ஓடியதாம். குறை மெஷினில் இல்லை, வீட்டுக் கரண்டில்தான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இருட்டியதும் குமாஸ்தா உட்கார்ந்தார். 'அநீதியை' என்ற இடத்தில் அணைந்தது.

கரண்டா? அப்படியென்றால் ஃப்ரிட்ஜ்தான் இழுக்கிறது. அதைப் பிடுங்கிவிட்டார். கம்ப்யூட்டர் மறுபடி அணைந்தது. காலையில் பால் திரிந்திருந்தது.

அப்படியென்றால் மாடிவீட்டுக்காரரின் தண்ணீர் மோட்டார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏறிப்போய், ஒரு குடிமகனின் நியாயத்தை நிறுத்த யாருக்கும் உரிமை கிடையாது என்று அரைமணி நேரம் முழங்கினார். மாடிவீட்டுக்காரர் துண்டோடு குளிக்கப் போனதும் மோட்டாரின் ஃபியூஸைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கி வந்தார்.

கம்ப்யூட்டர் அணைந்தது. கூடவே மொத்த வீட்டுக்கும் தண்ணீர் நின்றது. தலையெல்லாம் சோப்பு நுரையோடு மாடிவீட்டுக்காரர் வாசலில் வந்து நின்றார். கையில் வாளி.

"சார், உங்க நியாயம் கிடைக்கிற வரைக்கும் நான் இப்படியே இருக்கணுமா?"

ஃபியூஸைக் கொடுத்துவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினார் குமாஸ்தா. எல்லாரும் சேர்ந்து சதி செய்கிறார்கள். மேனேஜர், மெக்கானிக், மாடிவீடு, இந்தத் தகரப் பெட்டி கூட. கெடு முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது.

மனைவி தன் தம்பிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். குமாஸ்தா அதைப் பிடுங்கினார்.

"டேய், இதை என்னடா பண்ணித் தொலைச்ச? பத்து நிமிஷம் கூட உயிரோட நிக்க மாட்டேங்குது."

மறுமுனையில் மச்சினன் கார் விளையாட்டை நிறுத்தினான்.

"அத்தான், நான் ராத்திரி விளையாடக் கூடாதுன்னு, இருட்டினா பத்து பத்து நிமிஷத்துல தானா அணையற மாதிரி உங்க மேனேஜரைக் கூட்டிட்டு வந்து பூட்டு போட வச்சது நீங்கதானே? பாஸ்வேர்டு அவருக்கு மட்டும் தெரிஞ்சா போதும்னு சொன்னதும் நீங்கதான்."