கட்டைவிரல் ஆய்வுக் குழு

மனித குலம் சக்கரத்தைக் கண்டுபிடித்ததோடு தன் கடமை தீர்ந்தது என்று உட்கார்ந்துவிட்டது. அந்தச் சக்கரத்தை மிதிக்கும் குழந்தையின் கட்டைவிரலைப் பற்றிக் கவலைப்பட எங்கள் அத்தான் பிறந்து வர வேண்டியிருந்தது.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். ஓர் அலுவலகத்தில் மேலாளர். அங்கே நாற்காலி வாங்கக் குழு உண்டு; வாங்கிய நாற்காலியை எங்கே போடுவது என்பதற்குத் தனிக் குழு உண்டு. அந்த ஒழுங்கை அவர் வீட்டுக்கும் கொண்டுவந்ததில் எனக்கு ஏற்பட்ட பெருமை கொஞ்சநஞ்சமல்ல. நான் அவர்கள் வீட்டில்தான் சாப்பிடுகிறேன்.

விஷயம் சின்னதுதான். அக்கா மகளுக்கு எட்டு வயது. வீட்டில் அவளை வாண்டு என்று கூப்பிடுவோம். அவளுடைய சைக்கிளில் கைப்பிடியை முறுக்கினால் கியர் மாறும். அதாவது, பயில்வான் முறுக்கினால் மாறும். அவள் முறுக்கினால் தோல்தான் உரியும். எங்கள் தெரு முடிகிற இடத்தில் ஒரு மேடு, மேட்டின் மேலே மைதானம். மற்றப் பிள்ளைகள் கியரைக் குறைத்து ஜம்மென்று ஏறிவிடுவார்கள். இவள் பாதியில் இறங்கித் தள்ளிக்கொண்டு போவாள். போய்ச் சேரும்போது ஆட்டத்துக்கு ஆள் பிரித்து முடித்திருப்பார்கள். அவளை வேடிக்கை பார்க்கச் சொல்வார்கள். 'தள்ளுவண்டி' என்று பட்டப்பெயர் வேறு.

ஒருநாள் சாப்பாட்டு மேசையில் அழுதேவிட்டாள்.

"அப்பா, எனக்கு ஈஸியா மாத்துற கியர் வேணும்ப்பா."

வேறு தகப்பனாக இருந்தால் குழந்தையையும் சைக்கிளையும் கடைக்கு இழுத்துக்கொண்டு போய், அங்கேயே காரியத்தை முடித்திருப்பார். அத்தான் அவ்வளவு பொறுப்பில்லாதவர் அல்ல.

"ஈஸின்னா என்ன? யாருக்கு ஈஸி, எவ்வளவு ஈஸி? மொதல்ல அதை முடிவு பண்ணணும்," என்றார்.

மறுநாள் சைக்கிள் கடையிலிருந்து ஒரு குழாயோடு வந்தார். வாங்க வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காக அதில் பல வகை கியர் மாற்றிகளை வரிசையாகப் பூட்டியிருந்தார்கள். முறுக்குவது ஒன்று, மேலே இருந்து தள்ளுவது ஒன்று, கைப்பிடிக்கு அடியில் இரண்டு சின்ன நெம்புகோல்கள் வைத்துக் கட்டைவிரலால் அமுக்குவது ஒன்று. "எல்லாமே ஈஸிதான் சார்" என்பது கடைக்காரரின் 'நிபுணர் கருத்து'.

முதற்கட்டச் சோதனை சமையலறையில் நடந்தது. அக்கா பாத்திரம் தேய்த்த கையோடு வந்து அமுக்கிப் பார்த்தாள்.

"ஈரக் கையிலகூட வழுக்கலைங்க. அதோட இந்தக் கறுப்பு நிறம் அழுக்கு காட்டாது, அதையே வாங்குங்க."

இரண்டாம் கட்டச் சோதனையை நான் நடத்தினேன். சோபாவில் படுத்தபடி, ஒரு கையில் போனை வைத்துக்கொண்டு, மறு கையால் அமுக்கினேன். டிக், டிக். அசதியே தெரியவில்லை.

"படுத்துக்கிட்டே மாத்த முடியுது அத்தான்."

"வெரி குட் மாப்ள. இந்தக் கோணத்துல யாரும் யோசிச்சிருக்க மாட்டாங்க."

வாண்டு குழாயின் பக்கத்தில் வந்து நின்றாள். "நான் ஒரு தடவ அமுக்கிப் பாக்கட்டுமா?"

"கையை எடு செல்லம்," என்றார் அத்தான். "நீதான ஓட்டப் போற? உன் கருத்து நடுநிலையா இருக்காது."

என்ன ஒரு நேர்மை! பெற்ற மகள் என்றுகூடப் பார்க்கவில்லை.

மூன்றாம் கட்டத்துக்குக் குழாய் அலுவலகம் போயிற்று. கூட்ட அறையில் தேநீரோடு 'பயன்பாட்டு ஆய்வு' நடந்தது. தலைமை அதிகாரி தம் பருத்த கட்டைவிரலால் அமுக்கிவிட்டு, "மனசுக்கு இதமா இருக்கு" என்றார். கணக்காளர் குழாயைத் திருப்பித் தரவே மறுத்தார். இரண்டு நெம்புகோல் வகை ஒருமனதாகத் தேர்வாயிற்று. இதற்கிடையில் வாண்டு எத்தனை முறை மேட்டில் சைக்கிளைத் தள்ளினாள் என்பது ஆய்வு வரம்புக்குள் வரவில்லை.

விடுமுறை நாள் காலையில் புது கியர் பூட்டிய சைக்கிள் வாசலுக்கு வந்தது. குடும்பமே திரண்டது. வாண்டு முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. பறந்து போனாள். நாங்களும் மேடு வரை பின்னாலேயே நடந்தோம். மேடு தொடங்கியது. அவள் கட்டைவிரலை நீட்டினாள். எட்டவில்லை. இன்னும் நீட்டினாள். கைப்பிடி ஆடியது. காலை ஊன்றினாள்.

மேலே இருந்து பிள்ளைகள் கத்தினார்கள்: "ஏய், தள்ளுவண்டி!"

அவள் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. ஆனால் ஆய்வில் தவறு இருக்க முடியாது அல்லவா?

"எட்டலப்பா," என்றாள்.

"எட்டலையா? ஆபீஸ்ல எல்லாருக்கும் எட்டுச்சே!" என்றார் அத்தான்.

"நீ மனசு வெச்சு அமுக்கலடி," என்றாள் அக்கா.

"விரலுக்கு ஏதாவது பயிற்சி குடுக்கலாம்," என்றேன் நான்.

அத்தான் பொறுமையிழந்தார். "எறங்கு, நான் காட்றேன்." அந்தக் குட்டிச் சைக்கிளில் ஏறி உட்கார்ந்தார். முழங்கால்கள் காதைத் தொட்டன. டிக் என்று கியரை மாற்றினார். கொஞ்ச தூரம் ஏறினார். அதற்கப்புறம் மூச்சு வாங்கியது. வண்டி பின்னால் வழுக்கத் தொடங்கியது.

"ஏம்மா, கொஞ்சம் தள்ளும்மா!"

வாண்டு ஓடினாள். இருக்கையின் பின்புறத்தைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு, சைக்கிளையும் தகப்பனையும் சேர்த்து மேட்டின் மேல் தள்ளினாள். அத்தான் டிக், டிக்கென்று கியரை மாற்றியபடியே திரும்பி, "பாத்தியா, எவ்வளவு ஈஸி!" என்றார். அக்காவும் நானும் கைதட்டினோம்.

குழந்தைக்கு எல்லாமே சுலபமாக இருக்க வேண்டும் என்று நாங்கள் படாத பாடில்லை. அவள் கையை ஒருமுறை பிடித்துப் பார்ப்பதுதான் எங்களில் ஒருவருக்கும் சுலபமாக இல்லை.