கயித்தர் விற்றுத் தந்த இணையக் கடை

பிள்ளைகளே, கரவெட்டியில் கயித்தரைப் பார்த்துக் குரைத்த நாய் ஒன்றுகூடக் கிடையாது. கள்ளனைக் கண்டாலும் குரைக்கும், தபால்காரரைக் கண்டாலும் குரைக்கும், கோயில் மேளத்துக்கும் குரைக்கும் எங்கள் டொமி. கயித்தர் ஒழுங்கை முடக்கில் திரும்பினால் மட்டும் மேசைக்குக் கீழே போய்ப் படுத்து, கண்ணை மூடிக்கொண்டு, வால் நுனியை மெல்ல ஆட்டும். மற்ற ஆட்கள் வருவதை நாங்கள் நாயின் சத்தத்தால் அறிவோம். கயித்தர் வருவதைச் சத்தம் நிற்பதால் அறிவோம்.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. தோளில் எந்நேரமும் ஒரு கயிறு தொங்கும். அதனால் கயித்தர். தொழில் மாட்டுத் தரகு. பிறகு ஊரில் பால்மாப் பெட்டிகள் கூடி மாடுகள் குறைந்துபோயின. வேறு ஒருவர் என்றால் வீட்டில் சும்மா இருந்திருப்பார். கயித்தர் இணையத்தளம் விற்கத் தொடங்கினார்.

நான் பகிடி விடவில்லை. உடுப்பிட்டியில் ஒரு வீட்டுக்கு மாடு பார்க்கப் போயிருக்கிறார். அந்த வீட்டுப் பெடியன், கலியாணச் சோடனைச் சாமான்களை இணையத்தில் வாடகைக்கு விடுகிறவன். வெளிநாடு போக முதல் அந்தத் தளத்தை யார் தலையில் கட்டுவது என்று தாயோடு சண்டை. கயித்தர் முற்றத்தில் நின்றபடி கேட்டாராம்.

"தம்பி, உது நல்லாய்க் கறக்குதோ?"

"கறக்கிறதோ? ஆவணியிலை மூச்சு விட நேரமில்லை ஐயா."

"பேந்தென்ன? உதையும் சேத்து விப்பம்."

அடுத்த கிழமையே தளம் விலைப்பட்டுவிட்டது. மாடு இன்னும் அங்கேதான் நிற்கிறது.

அதற்குப் பிறகு வடமராட்சியில் இணையக் கடை விற்க நினைத்தவர்கள் எல்லாரும் அவரைத்தான் தேடினார்கள். அவர் விலை மதிக்கிற விதம் மாடு பார்க்கிற விதமேதான். "எத்தினை பல்லு?" என்பார். தொடங்கி எத்தனை வருடம் என்று அர்த்தம். "எத்தினை ஈத்து?" என்றால் எத்தனை பருவம் லாபம் பார்த்தது என்று. மடிக்கணினியின் முதுகை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டுவார். அமாவாசையில் திரையைப் பார்க்கவே மாட்டார். கடைசியாக, திரையையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்த நேரம் அவருடைய கண் இமைத்ததை ஒருவரும் கண்டதில்லை.

இனி எங்கள் கதைக்கு வருகிறேன். என் மனைவி மலர், வறுத்து இடித்த மிளகாய்த்தூளை வெளிநாட்டில் இருக்கிற எங்கள் ஆட்களுக்கு இணையத்தில் விற்று வந்தாள். தளத்தைத் தொடங்கியதும் அவள், வளர்த்ததும் அவள். நான் பார்சல் கட்டுவதோடு சரி. ஓடர் வந்தால் கணினி "டிங்" என்னும். "டிங்" என்றால் மலர் அடுப்படிக்கு எழும்பிவிடுவாள். அந்தப் புகை அவளுடைய நெஞ்சைக் கெடுத்துவிட்டது. இருமி இருமி உதடு நீலமாகும். "இனி மிளகாய் வறுக்கிற இடத்துக்குக் கிட்டவும் போகக்கூடாது" என்று டொக்டர் கண்டிப்பாகச் சொன்னார். நான் வறுக்கிறேன் என்றேன். நான் வறுத்த முதல் தூளுக்கு லண்டனிலிருந்து ஒரு அம்மா, "தூள் மாறிப்போச்சு, வீட்டிலை ஆரேன் செத்துப்போச்சினமோ?" என்று கேட்டு எழுதினார்.

ஆகவே ஒருநாள் பின்னேரம் குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு, நானும் மலரும் மெல்லிய குரலில் கதைத்து முடிவெடுத்தோம். தளத்தை விற்பது. வேறு ஒருவருக்கும் மூச்சு விடவில்லை. கதைத்து முடிந்ததும்தான் கவனித்தோம், முற்றத்தில் டொமியின் சத்தத்தைக் காணவில்லை.

கதவைத் திறந்தால் வேலிப் படலையடியில் கயித்தர்.

"தங்கச்சி, சைட்டை ஒருக்கால் காட்டுங்கோ பாப்பம்."

"உங்களுக்கு ஆர் சொன்னது அண்ணை?" என்று கேட்டேன்.

"மாடு கை மாறப் போறது மாட்டுக்கு முதல்லை தெரியும், தம்பி," என்றார். அதோடு அந்தக் கதையை விட்டுவிட்டார்.

பொழுதுபடுகிற நேரம். சாமி விளக்கும் திரையும் தவிர வேறு வெளிச்சமில்லை. பல்லுக் கேட்டார், ஈத்துக் கேட்டார், முதுகில் தட்டினார். பிறகு விரலை நீட்டினார்.

"உதிலை ஒரு சுழி கிடக்கு. சனம் வந்து நிண்டு போட்டு, சரியாய் உந்த இடத்திலை திரும்பி ஓடுது."

அது காசு கட்டுகிற பக்கம். தபால் கூலியை நாங்கள் அங்கேதான் முதன்முதலாகக் காட்டினோம்.

"வேலிக்குப் பின்னாலை ஒளிச்சு நிண்டு பயமுறுத்தினால் ஆர் நிப்பினம்? முன்னுக்கே சொல்லுங்கோ."

பிறகு "எங்கடை கதை" என்ற பக்கத்தைத் திறக்கச் சொன்னார். மலர் தாச்சியில் மிளகாய் வறுக்கிற படம் உள்ள பக்கம். வாங்குகிற ஆட்கள் யாரும் அங்கே போவதில்லை. அதன் மூலையில் ஓர் எண் இருக்கும். அந்தப் பக்கத்தை அந்த நேரம் எத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அது காட்டும்.

"ஒண்டெண்டு கிடக்கு. ஆர் உது?"

"அது நாங்கள்தான் அண்ணை, இப்ப பாக்கிறம் எல்லே."

கயித்தர் அந்த எண்ணை விரலால் தடவினார். "பாவம், தனிய நிக்குது," என்றார்.

வாங்க வந்தவர் யாழ்ப்பாணப் பட்டணத்தில் அரவை மில் வைத்திருக்கிற ஒரு தம்பி. படித்த பிள்ளை. அவரைக் கதிரையில் இருத்தி, கயித்தர் தன் சால்வையை விரித்தார். மாட்டு விலையை வாயால் சொல்வதில்லை. துணிக்குக் கீழே விரலைப் பிடித்துத்தான் பேசுவார்கள்.

"ஐயா, விலையை ஈமெயிலிலை அனுப்பினால் காணாதோ?"

"ஈமெயிலுக்கு விரல் கிடக்கோ? கையை விடும்."

தம்பி சிரித்துக்கொண்டே கையை விட்டார். சிரிப்பு அப்படியே நின்றது. மெல்ல என் பக்கம் திரும்பினார்.

"அண்ணை, நீங்களும் கையை உள்ளுக்கை விட்டனீங்களோ?"

"இல்லைத் தம்பி. நான் இஞ்சை தள்ளியெல்லோ இருக்கிறன்."

"அப்ப இந்தக் குளிர்ந்த கை ஆரின்ரை?"

கயித்தர் சால்வையை உருவி மடித்தார். "எத்தினையோ வீட்டுக்காரர் கை விட்ட துண்டு. யோசியாதையும். விலை நல்ல விலை."

விலை சரிதான். ஆனால் தம்பிக்கு வேறு பயம். "சனம் மலரக்காவைத்தான் கேட்டு எழுதுது. நான் வாங்கினாப் பிறகு வராமல் விட்டுதெண்டால்?" என்று எழும்பிவிட்டார். அந்த நேரம் பார்த்து கணினி "டிங்" என்றது. மலர் பழக்கத்தில் அடுப்படிப் பக்கம் திரும்பினாள். இருமல் அவளை வாசல் நிலையில் சாய்த்தது. நான் ஓடிப்போய்ப் பிடித்தேன். இந்த ஆள் வாங்காமல் போனால் இவள் மறுபடியும் அந்தப் புகைக்குள் போவாள். தடுக்க என்னால் முடியாது. எனக்கு அது நன்றாகத் தெரிந்தது.

கயித்தர் மட்டும் அசையவில்லை.

"இரும் தம்பி. புதுக் கைக்கு மாடு உடனை கறக்காது. பழைய ஆள் கொஞ்ச நாள் பக்கத்திலை நிக்கவேணும். வறுக்கிறது உம்மடை மில்லிலை. பக்குவம் சொல்லுறதும் கடிதம் எழுதுறதும் தங்கச்சி, வீட்டிலை இருந்து. பிறகு ஒவ்வொரு அடியாய்ப் பின்னுக்கு வரட்டும். மாட்டுக்குத் தெரியப்படாது."

தம்பி யோசித்தார். பிறகு திரும்பக் கதிரையில் இருந்தார்.

கை மாறுகிற நாளில் கயித்தர் புதுக் கயிறு ஒன்றோடு பட்டணத்துக்குப் போய், மில்லில் இருந்த கணினியைச் சுற்றி ஒரு முடிச்சுப் போட்டாராம். வேலை செய்கிற பெட்டைப் பிள்ளைகள் சிரித்தார்களாம். முடிச்சை அவிழ்க்க மட்டும் ஒருவரும் துணியவில்லை. எங்கள் ஊரில் மாட்டை விற்றாலும் பழைய கயிற்றைக் கொடுப்பதில்லை. ஆகவே திரும்பி வந்து எங்கள் கணினி மவுஸை வயரோடு கழற்றி மலரின் கையில் வைத்தார். "உவ்வளவு நாளும் பிடிச்சு நடத்தின கயிறு. இது உங்களுக்கு." அது இன்றும் எங்கள் சாமியறை ஆணியில் தொங்குகிறது.

மலரின் இருமல் குறைந்தது. ஆனால் மில்காரத் தம்பி ஒருநாள் என்னைக் கூப்பிட்டார். குரல் சரியில்லை.

"அண்ணை, ஒவ்வொரு நாளும் விளக்கு வைக்கிற நேரம் அக்கான்ரை படம் கிடக்கிற பக்கத்திலை ஒராள் வந்து நிக்குது. ஒண்டும் வாங்குதில்லை. அசையுதில்லை. நிண்டு போட்டுப் போகுது. ஆரண்ணை?"

எனக்கும் தெரியாது. அன்று பொழுதுபட, மதகடியில் டொமி படுத்திருக்கக் கண்டேன். பக்கத்தில் கயித்தர். உடைந்த கண்ணாடிப் போன் ஒன்றை முகத்துக்குக் கிட்டப் பிடித்துக்கொண்டிருந்தார். திரையில் மலரின் படம்.

"என்னண்ணை செய்யிறியள்?"

"வித்த மாட்டை எட்டிப் பாக்கிறனான் தம்பி. புது இடத்திலை தண்ணி குடிக்குதோ, தீன் தின்னுதோ எண்டு. எல்லாத்தையும் ஒரு சுத்துப் பாத்துப் போட்டுத்தான் படுப்பன். வேலிக்கு வெளியாலை நிக்கிறன், உள்ளுக்கை போறேல்லை."

போன மாரியில் கயித்தர் செத்துப்போனார். செத்த வீட்டில் பறை அடித்தும் ஊரில் ஒரு நாய் குரைக்கவில்லை. எங்கேயோ கட்டை அறுத்துக்கொண்டு வந்த ஒரு மாடு படலைக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தது. அது யாருடையது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

மறுநாள் மில்காரத் தம்பி கூப்பிட்டார். "அண்ணை, அந்த ஐயா செத்துப்போனார் எண்டு சொல்லிச்சினம். ஆனால் இண்டைக்கும் அந்தப் பக்கத்திலை ஒராள் வந்து நிக்குது."

அவர் பயந்து கயிற்றை அவிழ்த்துவிடப் போகிறாரோ என்று எனக்குப் பயம். "அது நான் தம்பி. நான்தான் பாக்கிறனான்," என்று சொல்லிவிட்டேன்.

பொய் சொன்னால் அதை உண்மையாக்கிவிட வேண்டும் அல்லவா? அதனால் இப்போது ஒவ்வொரு நாளும் விளக்கு வைத்தவுடன் போனை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறக்கிறேன். மலர் அடுத்த அறையில் இருமாமல் சட்டை தைக்கிறாள். டொமி மேசைக்குக் கீழே போய்ப் படுத்து, வால் நுனியை மெல்ல ஆட்டத் தொடங்கும். நான் போவது தனியாகத்தான். ஆனால் மூலையில் இருக்கிற எண் இரண்டு என்று காட்டுகிறது.

கதிரையில் கொஞ்சம் ஒதுங்கி இருந்து, அவருக்கும் படம் தெரிகிற மாதிரிப் போனைச் சரித்துப் பிடிக்கிறேன்.