தொண்ணூற்றாறில் நின்றுபோன மான்வேட்டைத் தலைமை

ஹாப்பாலஹ்தி,
செப்டம்பர் 9, திங்கட்கிழமை.

அன்புள்ள தங்கை ஸிர்க்காவுக்கு,

உன் அண்ணன் ஆர்மஸ் எழுதிக்கொண்டது. இங்கே நானும் ரைலியும் நாயும் சுகம். நீயும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும் என்பது என் விருப்பம். மாப்பிள்ளை ஒலாவி அவர்களின் சுகத்தைப் பற்றி ஊரே பேசிக்கொண்டிருப்பதால் நான் தனியாக விசாரிக்கவில்லை.

இரண்டு கிலோமீட்டரில் இருக்கும் தங்கைக்குக் கடிதம் எதற்கு, அதுவும் வேலை செய்யும் மருந்துக்கடை முகவரிக்கு எதற்கு என்று கேட்பாய். உன் கைப்பேசி அடித்தால் மாப்பிள்ளைதான் எடுக்கிறார். எடுத்து, "யாரு, மச்சானா? சொல்லு மச்சான்!" என்று சிரிக்கிறார். நான் எதுவும் சொல்வதற்கு முன்பே சிரிக்கிறார். மின்னஞ்சலோ உங்கள் இரண்டு பேருக்கும் ஒன்றே ஒன்று. கல்யாணமாகி இருபத்தேழு வருஷமாகியும் ஒரே மின்னஞ்சலில் குடித்தனம் நடத்தும் தம்பதியை பின்லாந்து முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. ரைலி என் மின்னஞ்சலைத் திருட்டுத்தனமாகக்கூட ஒரு நாள் படித்ததில்லை. அதை விடு.

விஷயத்துக்கு வருகிறேன். எல்க் மான் வேட்டைக் குழுவின் தலைமையை வில்ஹோ இந்த வருஷத்தோடு விடுகிறார் என்பது உனக்குத் தெரியும். பத்தொன்பது வருஷமாக நான் அவருக்குத் துணைத் தலைவன். யார் எங்கே நிற்பது, எந்தத் திசையில் சுடக்கூடாது, நாயை எந்தப் பக்கமிருந்து விடுவது என்று ஒவ்வொரு அக்டோபரிலும் வரைபடம் போட்டுக் கொடுத்தது நான். வேட்டைக் குடிசையில் காபி குடித்துக்கொண்டே அதை உரக்கப் படித்தது அவர். அடுத்தது நான்தான் என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் இருந்திருக்காது, மே மாதக் கூட்டத்தில் உன் வீட்டுக்காரர் கை தூக்காமல் இருந்திருந்தால். தூக்கினார். வில்ஹோவுக்குச் சண்டை என்றால் பயம். "வேட்டைச் சங்கம் வலைத்தளத்துல ஒரு பாடம் வச்சிருக்கு. இருபத்துநாலு வீடியோ. செப்டம்பர் பதினஞ்சு மத்தியானம் கூட்டத்துக்குள்ள யாரு முடிச்சிருக்காங்களோ அவங்க தலைவர். ரெண்டு பேரும் முடிச்சா ஓட்டு. ஒருத்தரும் முடிக்கலன்னா பக்கத்து ஊர்க்காரனக் கூப்பிடுவோம். நான் வீட்டுக்குப் போறேன்" என்று சொல்லித் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு உள்ளூரச் சந்தோஷம், மறைப்பானேன். சரித்திரத்தில் முதுகலைப் பட்டம் வாங்கியவன் நான். மேல்நிலைப்பள்ளியில் இருபத்தாறு வருஷம் பாடம் நடத்துகிறவன். மாப்பிள்ளை கழிவுத்தொட்டி காலி செய்யும் லாரி ஓட்டுகிறவர். அவர் கடைசியாக முழுதும் படித்த புத்தகம் அந்த லாரியோடு வந்த கையேடு, அதுவும் படங்களுக்காக. படிப்பு என்று வந்துவிட்டால் இந்தப் போட்டி நியாயமான போட்டியே இல்லை என்று எனக்குக் கொஞ்சம் கூச்சமாகக்கூட இருந்தது.

அந்தக் கூச்சம் ஜூன் நான்காம் தேதி போயிற்று. அன்றைக்கு நான் இருபத்துநான்காவது பாடத்தைப் பார்த்து முடித்து, குறிப்புநோட்டில் கடைசிக் கோடும் போட்டுவிட்டு, சங்கத்தின் பக்கத்தைத் திறந்தேன். உறுப்பினர் எல்லோரும் பார்க்கிற பட்டியல் அது. ஒலாவி பெசோனன்: முடித்த பாடங்கள் 24-ல் 24, வரிசையாகப் பச்சைக் குறிகள், வசந்தகால பிர்ச் மரத்து இலை மாதிரி. ஆர்மஸ் லெஹ்திலா: முடித்த பாடங்கள் 24-ல் 0. பூஜ்யம், ஸிர்க்கா! ஒவ்வொரு பாடத்துக்கும் எதிரே ஒரு சாம்பல் பட்டை, அதில் தொண்ணூற்றாறு சதவீதம். ஒன்றில்கூட தொண்ணூற்றேழு கிடையாது.

மறுநாள் கடையில் ரொட்டி அடுக்குக்கு முன்னால் அவனிடம் மாட்டிக்கொண்டேன். (அவர் என்றே எழுதப் பார்த்தேன், கை வரவில்லை.) காசாளர் பெண், வில்ஹோவின் மனைவி, பாதிரியார், அத்தனை பேர் முன்னாலும் கேட்கிறான்: "என்ன மச்சான், தொண்ணூத்தாறுலயே நிக்குதாமே? உன் பள்ளிக்கூடத்துல பத்துக்கு ஒம்பதரைன்னா நல்ல மார்க்குதானே!" பாதிரியாரே சிரித்தார். நான், "நீ எப்படி முடிச்சே?" என்றேன். "சும்மா உட்கார்ந்தேன், முடிஞ்சுது" என்கிறான். சும்மா உட்கார்ந்தானாம்! எனக்கு இந்த ஜென்மத்தில் ஏதாவது சும்மா உட்கார்ந்து முடிந்திருக்கிறதா?

சங்கத்தின் உதவி எண்ணைக் கூப்பிட்டேன். ஓனா என்றொரு பெண். குரலைக் கேட்டால் என்னிடம் போன வருஷம்தான் படித்து முடித்தவள் மாதிரி இருந்தாள், ஆனால் பொறுமைசாலி. "ஆர்மஸ், நீங்க எந்த பிரவுசர்ல பாக்குறீங்க?" என்றாள். "நீலமா இருக்குமே, அதுல" என்றேன். "ரெண்டு மூணு நீலமா இருக்கு, ஆர்மஸ்" என்றாள். எது என்று கண்டுபிடிக்கவே அரை மணி நேரம். பிறகு, "சேர்ந்திருக்கிற குக்கீ எல்லாத்தையும் அழிச்சிட்டு மறுபடி உள்ள வாங்க, பழைய கணக்கு மாட்டிக்கிட்டு இருக்கலாம்" என்றாள். அழித்தேன். அதோடு வங்கி, மின்வாரியம், நூலகம், ரைலியின் பின்னல் வகுப்பு எல்லாம் என்னை யார் என்று கேட்க ஆரம்பித்தன. ரைலி மூன்று நாள் என்னோடு பேசவில்லை, அதாவது வழக்கத்தைவிட இரண்டு நாள் அதிகம். பட்டை தொண்ணூற்றாறிலேயே நின்றது.

அடுத்த முறை, "விளம்பரத்தத் தடுக்கிற எதையாவது போட்டு வச்சிருக்கீங்களா? அது சில சமயம் கணக்கு போறதையும் தடுத்துடும்" என்றாள். எடுத்தேன். இப்போது எந்தப் பக்கம் திறந்தாலும் வயதானவர்களுக்கான வழுக்காத செருப்பு வருகிறது. "ஒரே பாடத்த ரெண்டு இடத்துல திறந்து வச்சிருக்கீங்களா?" இல்லை. "வேகத்தக் கூட்டிப் பாக்குறீங்களா? ஒன்றரை மடங்கு, ரெண்டு மடங்குன்னு?" "அம்மா, நான் முக்கால் வேகத்துல பாக்குறேன். குறிப்பு எடுக்கணும்ல" என்றேன். "அப்ப சாதாரண வேகத்துல வச்சு, தள்ளிவிடாம, எல்லாத்தையும் இன்னொரு தரம் பாத்துடுங்க" என்றாள். பார்த்தேன். இருபத்துநாலையும், ஒவ்வொன்றும் பதினாறு நிமிஷம், காளான் பருவத்தில், மற்றவர்கள் கூடை கூடையாகச் சுமந்து வந்துகொண்டிருந்தபோது, ஜன்னலோரம் உட்கார்ந்து இரண்டாம் தரம் பார்த்தேன். தொண்ணூற்றாறு. உங்கள் வீட்டு வாசலில் அந்த வாரம் ஐந்து கூடை காளான் இருந்ததாகக் கேள்வி.

போன வியாழக்கிழமை பொறுமை போய்விட்டது. "ஓனா, நான் அந்த வாத்தியார் பேசின ஒரு வார்த்தை விடல. வேணும்னா கேளு" என்று பதினேழாவது பாடத்தை ஒப்பித்தேன். காயம்பட்ட மானை எப்படித் தொடர்வது, ரத்தத்தின் நிறத்தை வைத்து எங்கே அடிபட்டது என்று சொல்வது எப்படி, எவ்வளவு நேரம் காத்திருப்பது, எல்லாம். ஏழு நிமிஷம் கேட்டாள். "ஆர்மஸ், உங்களுக்கு எல்லாம் தெரியுதுன்னு எனக்குத் தெரியுது. சிஸ்டத்துக்குத்தான் தெரியல" என்றாள்.

அதைக் கேட்டதும் எனக்கு ஒன்று விளங்கியது. இது இயந்திரக் கோளாறு இல்லை, ஸிர்க்கா. இதுதான் எப்போதும் நடப்பது. 2003 நினைவிருக்கிறதா? சதுப்பு ஓரம் ஆறு மணி நேரம் மழையில் நின்று, தடம் பார்த்து, காற்றுத் திசை பார்த்து நான் காத்திருந்த அந்த ஆண் மான், சிறுநீர் கழிக்கப் போன உன் கணவன் முன்னால் போய் நின்றது. அந்தக் கொம்பு இன்றைக்கும் உன் வீட்டுத் தொலைக்காட்சிக்கு மேலே தொங்குகிறது. கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் என்னை அதற்கு நேர் எதிரேதான் உட்கார வைக்கிறாய். ஒரே வாரத்தில் ஒரே கடையில் வாங்கிய ஒரே படகு மோட்டார். அவனுடையது ஒரே இழுப்பில் கிளம்புகிறது, என்னுடையதற்கு ரைலி கரையிலிருந்து எண்ணிக்கொண்டிருக்கிறாள். நம் அம்மாவே அவனுக்குத்தான் பெரிய மீன் துண்டை வைத்தாள், என்னைப் பெற்றவள்! அவன் தலைவனானால் என்ன செய்வான் தெரியுமா? ஒன்றும் செய்யமாட்டான். வரைபடம் போட மாட்டான், "எங்க வேணா நில்லுங்கப்பா" என்பான். எல்லோரும் அவனை நேசிப்பார்கள். ஒருத்தரை ஒருத்தர் சுட்டுக்கொள்ளவும் மாட்டார்கள், அவன் அதிர்ஷ்டம் அப்படி. நான் பத்தொன்பது வருஷம் போட்ட கோடுகளுக்கு அவசியமே இருந்ததில்லை என்று ஊர் அந்த ஒரே அக்டோபரில் கண்டுகொள்ளும். அதைத்தான் என்னால் தாங்க முடியாது.

ஆகவே, கூடப்பிறந்தவள் என்ற முறையில் இரண்டு காரியம் செய். ஒன்று, அவன் அந்தப் பாடங்களை எந்தக் கணினியில், எப்படிப் பார்த்தான் என்று நைசாக விசாரித்து ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுது. அது முடியாவிட்டால், அவனை விலகிக்கொள்ளச் சொல். உன் அண்ணனுக்காக என்று சொல்லாதே, அவன் சிரிப்பான். அவன் முதுகுவலிக்கு ஆகாது என்று சொல். மருந்துக்கடைக்காரி சொன்னால் நம்புவான்.

உன் பிள்ளைகள் படிப்பில் தாய்மாமனைக் கொள்ளட்டும், அதிர்ஷ்டத்தில் தகப்பனைக் கொள்ளட்டும். உங்கள் சவுனா நீராவி அறை, எங்களுடையதைப் போல இரண்டு மணி நேரம் எடுக்காமல், வழக்கம்போல நாற்பது நிமிஷத்தில் சூடேறட்டும். ரைலி கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
உன் அன்பு அண்ணன்,
ஆர்மஸ் லெஹ்திலா
(துணைத் தலைவர், இன்னும் ஆறு நாளைக்கு)

பின்குறிப்பு, செவ்வாய்க்கிழமை: கடிதத்தை உறையில் போடுவதற்கு முன் ரைலியிடம் நிரூபிப்பதற்காக மூன்றாவது பாடத்தைப் போட்டுக் காட்டினேன். வாத்தியார் ரிஸ்தோ பேசி முடித்தார், இரண்டு கையாலும் தொடையில் தட்டினார், "சரி, அப்ப…" என்றார். நான் கணினியை மூடினேன். "ஏன் மூடினே?" என்றாள் ரைலி. "அவர் தொடையத் தட்டிட்டாரே, கிளம்புன்னு." "அதுக்கு?" "அதுக்கு மேல உட்கார்ந்திருந்தா அந்த மனுஷன் என்ன நினைப்பாரு?" "ஆர்மஸ், அவரு வீடியோவுல இருக்காரு." ஸிர்க்கா, தொடையைத் தட்டிவிட்ட ஒருவர் முன்னால் ஒரு நிமிஷம் உட்கார்ந்திருக்க நம் வீட்டில் யாராவது நம்மை விட்டிருக்கிறார்களா? மிச்சம் முப்பத்தெட்டு விநாடி இருந்திருக்கிறது. அதில் ரிஸ்தோ பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றுகிறார், ஏரியைப் பார்க்கிறார், சங்கத்தின் சின்னம் வருகிறது, அவ்வளவுதான். இருபத்துநாலு முப்பத்தெட்டு விநாடிகளையும், ரைலி என் தோளைப் பிடித்து அழுத்திக்கொண்டிருக்க, உட்கார்ந்து பார்த்தேன். பதினைந்து நிமிஷம். 24-ல் 24. எல்லாம் பச்சை.

உடனே உன் எண்ணுக்கு அடித்தேன். அவன்தான் எடுத்தான். "வாத்தியாரு தொடையத் தட்டின பிறகும் எப்படிய்யா உட்கார்ந்திருந்தே?" என்றேன். "எந்த வாத்தியாரு? மச்சான், மத்தியானம் சமையலறை நாற்காலியில உட்கார்ந்து போட்டா, அந்த ஆளு குரலு ரெண்டாவது நிமிஷமே என்னைத் தூங்க வச்சிடும். முழிச்சுப் பாத்தா பச்சைக் குறி இருக்கும். எனக்கு அதுல ஒண்ணுமே தெரியாது. நீயே தலைவரா இரு, ஞாயித்துக்கிழமை நான் விலகிக்கிறேன். எனக்குக் குடிசையில சூப்பு காய்ச்சுற வேலை போதும்" என்றான். கொஞ்சம்கூட வருத்தமில்லாமல்.

ஆக, நீ யாரையும் விசாரிக்க வேண்டாம், முதுகுவலி பற்றியும் பேச வேண்டாம். தலைமை எனக்கு வந்துவிட்டது, போகட்டும். ஆனால் ஸிர்க்கா, இருபத்துநாலு தடவை, சமையலறை நாற்காலியில், பட்டப்பகலில், இரண்டே நிமிஷத்தில்! ரைலி மூன்று மெத்தை மாற்றிவிட்டாள், நான் இந்த வருஷம் ஒரு நாள்கூட விடியும்வரை தூங்கியதில்லை. அவன் தலையை எந்தப் பக்கம் சாய்க்கிறான், முதுகுக்கு எதையாவது வைத்துக்கொள்கிறானா என்று மட்டும் பார்த்து எழுது.