கீழே நிற்பவர் சொன்ன எடை

எடை பார்க்கும் மிஷின் மேல் ஏறி நின்ற பிறகுதான் கிரேன் ஆபரேட்டருக்கு அந்தச் சிக்கல் புரிந்தது. முள் தெரியவில்லை. முள்ளுக்கும் கண்ணுக்கும் நடுவே வயிறு இருந்தது. முன்னால் குனிந்து பார்த்தார். வயிறும் கூடவே வந்தது. பக்கவாட்டில் சாய்ந்து பார்த்தார். மிஷின் கடகடவென்று ஆடியதுதான் மிச்சம்.

"போனைக் கீழ நீட்டி ஒரு படம் எடுங்களேன்," என்றாள் மனைவி, தலை வாரிக்கொண்டே.

"அதெல்லாம் சரிப்படாது. கீழ ஒரு ஆள் நின்னு பார்த்துச் சொல்லணும்."

தொழில் புத்தி அப்படி. இருபத்திரண்டு வருஷமாக அவருக்குப் பிழைப்பு நூற்றைம்பது அடி உயரத்தில், ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள். தூக்குகிற பொருள் பாதி நேரம் கண்ணுக்கே தெரியாது. கீழே நிற்கிற சிக்னல்காரர் 'தூக்கு' என்றால் தூக்குவார், 'நிறுத்து' என்றால் நிறுத்துவார். ஏன், எதற்கு என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கீழே நிற்பவரைச் சந்தேகப்படுகிறவன் கிரேன் ஓட்ட முடியாது என்பது அவர் கட்சி. அவர் கையால் இதுவரை ஒரு செங்கல் தவறி விழுந்ததில்லை.

மனைவி வந்து குனிந்து பார்த்தாள். "நூத்தியாறு," என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

சொன்னதைக்கூட மன்னித்திருப்பார். சிரித்ததை மன்னிக்க முடியவில்லை. காரணம் இருந்தது. கம்பெனியில் புது விதி போட்டிருந்தார்கள். கிரேன் ஏணியில் ஏறுகிறவர் நூறு கிலோவுக்கு மேல் இருக்கக் கூடாது. இரண்டு மாதம் கெடு. அதற்குள் குறையாவிட்டால் கேட்டில் உட்கார்ந்து, வருகிற போகிற லாரிகளின் நம்பரை எழுத வேண்டும்.

வேலை நடக்கும் இடத்தில் எல்லோரும் அவரை 'மேலிடம்' என்றுதான் கூப்பிடுவார்கள். மேலே போய் உட்கார்ந்துவிட்டால் அவர் ராஜா. சூப்பர்வைசர் திட்ட வந்தால்கூட மூன்றாவது ஏணியிலேயே மூச்சு வாங்கித் திரும்பிப் போய்விடுவார். பறவைகள் அவர் கண்ணுக்குக் கீழே பறக்கும். அந்தக் கூண்டு போனால் தன் வாழ்க்கையில் சொல்லிக்கொள்ள வேறு ஒன்றும் இல்லை என்று நினைத்தார்.

கம்பெனி டாக்டர் நடக்கச் சொன்னார், ஓடச் சொன்னார், நீந்தச் சொன்னார். எல்லாவற்றுக்கும் மேலிடத்திடம் ஒரு முழங்கால் வலி தயாராக இருந்தது. கடைசியில், "வீட்டைப் பெருக்கித் துடைச்சா கணக்குல வருமா டாக்டர்?" என்று கேட்டார்.

டாக்டர் பேனாவை மூடினார். "எப்படிப் பெருக்குறீங்கங்கறதைப் பொறுத்தது. சும்மா தூசிக்கு முத்தம் கொடுத்தா வராது. செய்யறப்போ பேச முடியணும், ஆனா பாட முடியக் கூடாது. அந்த அளவுக்கு மூச்சு வாங்கினா அது உடற்பயிற்சிதான்."

அன்று சாயங்காலமே மேலிடம் துடைப்பத்தைக் கையில் எடுத்தார். பெருக்கிக்கொண்டே பாடிப் பார்த்தார். பாட வந்தது. வேகத்தைக் கூட்டினார். அப்போதும் வந்தது. ஹாலுக்கும் படுக்கையறைக்கும் நடுவே துடைப்பத்தோடு ஓடியபடி உச்சஸ்தாயியில் இழுத்தார்.

"என்னங்க, ஒண்ணு பாடுங்க, இல்லை பெருக்குங்க," என்று மனைவி காதைப் பொத்திக்கொண்டாள்.

"முடியலை. பாட முடியலை," என்றார் அவர் மூச்சு வாங்க, பரம சந்தோஷமாக.

முதல் ஞாயிற்றுக்கிழமை எடை பார்க்கும் நாள். மனைவி மறுபடி சிரித்துவிடுவாள் என்ற பயத்தில், அந்தப் பொறுப்பை மாமியாரிடம் ஒப்படைத்தார். நாலு நாள் இருந்துவிட்டுப் போவதாக வந்து நாலாவது மாதமாக இருப்பவர். எதற்கும் சிரிக்காதவர் என்று பெயர் வாங்கியவர். சிக்னல்காரருக்கு அதைவிட வேறென்ன தகுதி வேண்டும்?

"அத்தை, ஏறியிருந்தா விரலை மேல காட்டுங்க. இறங்கியிருந்தா கீழ காட்டுங்க. எண்ணைச் சத்தமா சொல்லுங்க. அவ்வளவுதான்."

"சரி மாப்பிள்ளை."

மாமியார் உடனே வந்துவிடவில்லை. முதலில் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். சமையலறை, குளியலறை, கதவுக்குப் பின்னால் என்று எல்லா இடத்தையும் எட்டிப் பார்த்தார். மேலிடத்துக்கு மெய்சிலிர்த்தது. நல்ல சிக்னல்காரர் இப்படித்தான், பாரம் தூக்குமுன் இடத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பார். அத்தைக்கு இது ரத்தத்திலேயே இருக்கிறது என்று வியந்துகொண்டு மிஷின் மேல் ஏறி நேராக நின்றார்.

மாமியார் சுவரைப் பிடித்துக்கொண்டு பார்வையைத் தாழ்த்தினார். விரல் மேலே போயிற்று. "நூத்தியாறரை."

ஒரு வாரம் ஓடி ஓடிப் பெருக்கி அரைக் கிலோ ஏறியிருக்கிறது. அவர் வாதாடவில்லை. கீழே நிற்பவர் சொன்னால் சொன்னதுதான். துடைப்பம் போதாது என்று முடிவு கட்டினார்.

அடுத்த வாரம் மண்டியிட்டுத் தரையைத் தேய்த்தார். முழங்கால் வலியை டாக்டரோடு விட்டுவிட்டு வந்திருந்தார் போலும். நாலு வாளித் தண்ணீரை ஹாலில் கொட்டியதில் அது வாசல் தாண்டி, படி இறங்கி, கீழ்வீட்டுக்காரரின் செருப்புகளை மிதக்க விட்டது. ஃப்ரிட்ஜை நகர்த்தப் போய் அலமாரியைச் சாய்த்தார். அலமாரியிலிருந்து கொட்டியதையெல்லாம் கதவுக்குப் பின்னால் தள்ளி வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மாமியார் சுற்றி வந்தார். கதவுக்குப் பின்னால் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். "நூத்தியேழு மாப்பிள்ளை."

"நல்லாப் பார்த்தீங்களா அத்தை?"

"நல்லாப் பார்த்துட்டுத்தான் சொல்றேன்."

மூன்றாவது வாரம் வெறி வந்தவர் போலச் சமையலறைக்குள் நுழைந்தார். புகை இழுக்கும் விசிறியைக் கழற்றி, அதில் பத்து வருஷமாகப் படிந்திருந்த எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டி எடுத்தார். அடுப்புக்குப் பின்னால் கையை விட்டுத் தேய்த்தார். ஞாயிற்றுக்கிழமை மாமியாரின் விரல் முதல் தடவையாகக் கீழே இறங்கியது. "நூத்தியஞ்சரை."

ஒன்றரைக் கிலோ. மேலிடம் குழந்தை மாதிரி மாமியாரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்தச் சந்தோஷத்தில் ஒரு வாரம் ஓய்வு எடுத்துக்கொண்டார். ஓய்வு என்றால் சும்மா உட்காரவில்லை, பக்கத்து மார்க்கெட்டுக்கு நடந்தே போய் வந்தார். அடுத்த ஞாயிறு மறுபடி நூற்றேழு.

"நடந்தா ஏறுது, சமையலறையைத் தேய்ச்சா இறங்குது. என்ன உடம்புடி இது?" என்று மனைவியிடம் புலம்பினார்.

"உங்க உடம்பு என்னைக்கு நியாயமா நடந்திருக்கு? பேன்ட்டைத் தூக்கி விடுங்க, இறங்குது."

"எல்லாம் நீ துவைக்கிற துவையல். எல்லாப் பேன்ட்டும் தொளதொளன்னு ஆயிடுச்சு."

வீட்டில் வேலை போதவில்லை என்பது அவருடைய அடுத்த கண்டுபிடிப்பு. இருப்பது இரண்டு அறை. எத்தனை தடவைதான் தேய்ப்பது? அந்தக் கட்டிடத்துக்கு நாலு மாடிகள், எழுபத்திரண்டு படிகள். வாளியைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடியிலிருந்து ஆரம்பித்தார். வேலைக்குப் போகும்முன் ஒரு தடவை, வந்த பிறகு ஒரு தடவை. ராத்திரிச் சாப்பாட்டையும் பாதியாகக் குறைத்தார்.

மூன்றாம் நாள், படி பெருக்குகிற அம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வழியை மறித்தாள்.

"சார், இந்தப் படி எனக்கு விட்டது. நீங்க எதுக்கு அதுல கை வைக்கிறீங்க?"

"கோச்சுக்காதம்மா. இது எனக்கு எக்சர்சைஸ்."

"எக்சர்சைஸா? அப்ப பதினஞ்சு வருஷமா நான் எக்சர்சைஸ் பண்ணிட்டு இருக்கேனா?"

மேலிடம் அவளை ஏற இறங்கப் பார்த்தார். துடைப்பக் குச்சி மாதிரி இருந்தாள். அவருக்குப் பொறாமையாக இருந்தது.

"நீ எவ்வளவும்மா இருப்பே?"

"நாப்பத்திரெண்டு. அதை விடுங்க. என்னை வேலையை விட்டு நிறுத்திட்டா நீங்களா சோறு போடுவீங்க?"

நியாயமான கேள்வி. கடைசியில் ஒரு சமாதானம் ஏற்பட்டது. அவர் கூட்டுவார், துடைப்பார். அவள் மேல் படியில் உட்கார்ந்து மேற்பார்வை பார்ப்பாள். சம்பளம் எப்போதும்போல் அவளுக்கு.

"மூலையை விட்டுட்டீங்க சார். அப்படி இல்லை, மேலயிருந்து கீழ இழுங்க. ரெண்டாவது மாடிக்காரர் வரார், ஓரமா நில்லுங்க."

ரெண்டாவது மாடிக்காரர்தான் குடியிருப்போர் சங்கச் செயலாளர். பெரிய மனிதர் ஒருவர் தினமும் மாடிப்படி துடைக்கிறார் என்றால் அதில் உள்நோக்கம் இல்லாமல் இருக்காது என்று அவருக்குத் தோன்றிவிட்டது. "சார், செயலாளர் பதவி வேணும்னா நேரடியா கேட்டிருக்கலாமே. இப்படிப் படி படியா ஓட்டுக் கேட்டு என் மானத்தை வாங்கணுமா?" என்று கண் கலங்கினார். அவரைத் தேற்றுவதற்காக அவர் வீட்டு ஜன்னல்களையும் துடைத்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. அதைப் பார்த்து எதிர்வீட்டம்மா தன் வீட்டு ஜன்னல்களுக்கு வியாழக்கிழமை சௌகரியப்படுமா என்று கேட்டாள்.

இத்தனை அமளியில் சொந்த வீட்டை அவர் ஒரு மாதமாக எட்டிப் பார்க்கவில்லை. மின்விசிறியில் தூசி சரம் சரமாகத் தொங்கியது. குளியலறைக்குள் கால் வைத்தால் வழுக்கியது.

மாமியார் சுற்றி வந்தார். கெடு முடிய ஒரே நாள் இருந்த அந்த ஞாயிற்றுக்கிழமை வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டார். வந்து நின்றவர், விரலைக் காட்டக்கூட இல்லை, கையையே தூக்கினார்.

"நூத்தியெட்டு."

மேலிடம் மிஷினை விட்டு இறங்கி அப்படியே அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். மறுநாள் கம்பெனியில் எடை பார்க்கிற நாள். எழுபத்திரண்டு படிகள், ஊரார் வீட்டு ஜன்னல்கள், பாதிச் சாப்பாடு. அத்தனைக்கும் பிறகு இரண்டு கிலோ கூடியிருக்கிறது. அழுகை வந்தது. மாமியார் முன்னால் அழக் கூடாது என்று மூக்கை மட்டும் உறிஞ்சினார்.

"வருத்தப்படாதீங்க மாப்பிள்ளை. இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்ச்சா சரியாப் போயிடும்," என்றார் மாமியார்.

அன்று மத்தியானம் ஒரு கடிதம் எழுதினார். தன்னால் இனி உயரத்தில் வேலை செய்ய இயலவில்லை என்றும், கேட்டில் ஏதாவது வேலை கொடுத்தால் போதும் என்றும். கம்பெனி நர்ஸ் எண்ணைச் சொல்லி நாலு பேர் சிரிப்பதற்கு முன் நாமே விலகிக்கொண்டால் மரியாதை என்று நினைத்தார். இரண்டே வரி எழுத ஒரு மணி நேரம் ஆயிற்று.

மறுநாள் கடிதத்தை டாக்டரின் மேஜை மேல் வைத்தார். டாக்டர் அதைப் பிரிக்கவில்லை. "முதல்ல ஏறுங்க," என்றார்.

அங்கே இருந்த மிஷினில் எண் சுவரில், முகத்துக்கு நேராகத் தெரியும். மேலிடம் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஏறினார்.

"தொண்ணூத்தொம்பது," என்றாள் நர்ஸ்.

"நல்லாப் பாரும்மா."

"நீங்களே கண்ணைத் திறந்து பாருங்க சார்."

திறந்தார். தொண்ணூற்றொன்பதுதான். இறங்கிவிட்டு மறுபடி ஏறினார். பூட்ஸைக் கழற்றாமல் ஏறியிருந்தார் என்று நர்ஸ் வேறு ஞாபகப்படுத்தினாள்.

"பாட முடிஞ்சுதா?" என்று கேட்டார் டாக்டர்.

"முடியலை டாக்டர்."

"அப்ப பலிச்சிருக்கு. போய் கிரேன்ல ஏறுங்க."

மேலிடம் மேஜை மேலிருந்த கடிதத்தை எடுத்து எட்டாக மடித்துச் சட்டைப்பைக்குள் திணித்தார். அன்று மேலே ஏறும்போது மூன்றாவது ஏணியில் மூச்சுக்கூட வாங்கவில்லை. சாயங்காலம் வரை கூண்டுக்குள் உட்கார்ந்து, பாட்டாகப் பாடினார். யாருக்கும் கேட்காது என்பது அந்த உத்தியோகத்தின் இன்னொரு வசதி.

வேலை முடிந்து இறங்கியதும் கோபம் வந்தது. எடை மிஷின் விற்ற கடைக்குப் போன் போட்டார். "உங்க மிஷின் ஒம்பது கிலோ பொய் சொல்லுது. ஒரு நல்ல மனுஷன் அதை நம்பி வேலையை விட்டுடப் பார்த்தான்." கடைக்காரர், கொண்டு வாருங்கள், மாற்றித் தருகிறேன் என்றார்.

வீட்டுக்கு வந்த வேகத்தில் மிஷினைத் தூக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"அதை எங்க கொண்டு போறீங்க?" என்று மனைவி கேட்டாள்.

விஷயத்தைச் சொன்னார். மனைவி சந்தோஷத்தில் அவர் தோளைத் தட்டினாள். பிறகு நெற்றியைச் சுருக்கினாள்.

"மிஷின் சரியாத்தானே இருக்கு? நேத்து சாயங்காலம்கூட நான் ஏறிப் பார்த்தேனே. என் எடையைச் சரியாத்தான் காட்டுச்சு."

மேலிடம் மிஷினைக் கீழே வைத்தார். கணவனும் மனைவியும் மெதுவாகத் திரும்பி, நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த மாமியாரைப் பார்த்தார்கள்.

"அத்தை, ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் முள்ளைப் பார்த்துத்தானே சொன்னீங்க?"

மாமியார் நிதானமாகக் காலை மாற்றிப் போட்டுக்கொண்டார்.

"குனிய முடியாத நான் அந்த முள்ளை எங்க மாப்பிள்ளை பார்த்தேன்? வீட்டைச் சுத்தி வருவேன், எவ்வளவு அழுக்கு மிச்சம் இருக்கோ, அதுக்குத் தகுந்த மாதிரி ஒரு எண்ணைச் சொல்லுவேன்."